சயான் தமிழர் வழக்கில் பீனிசமும் 'சைனஸ்' தலைவலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலித் தமிழர் பலர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தனர். தமிழ் மருத்துவ மரபு மூக்கடைப்பும் நீர்வடிதலும் கூடிய நோயைப் பீனிசம் என்றும், தலையின் ஒரு பாதியைப் பற்றும் நோவை ஒற்றைத்தலைவலி என்றும் பிரித்தறிந்தது. பீனிசம் என்பது 'பீனசம்' என்னும் வடசொல்லின் திரிபு. இன்றைய பேச்சுவழக்கில் இவ்விரண்டையும் 'சைனஸ்' என்னும் ஒரு சொல்லே சுட்டுகிறது.

இஃது வெறும் சொல்வழக்குச் சிக்கலன்று. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தமக்குச் சைனஸ் தலைவலி எனக் கருதிய 2,991 பேருள் 88 விழுக்காட்டினருக்கு ஒற்றைத்தலைவலி வகை நோயே காணப்பட்டது. தாராவியை அடுத்து, 1947இல் தொடங்கப்பட்ட சயான் மாநகராட்சி மருத்துவமனையில் 'சைனஸ்' என்று மட்டும் கூறும் நோயாளி, குமட்டலையும் ஒளிக்கூச்சத்தையும் கூறாது விடக்கூடும். எனவே பழஞ்சொற்களின் வேறுபாட்டைப் பேணுதல் மொழிக்கும் உடலுக்கும் நலம் பயப்பதாகும் எனலாம்.