தாயின் வழியே ஒரு வம்சம்

அம்பாறைக் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த பாலமுனை என்னும் ஊரிலிருந்து வந்து, இன்று உங்களோடு சிறிது நேரம் உரையாட வாய்ப்புப் பெற்றுள்ளேன். அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர் என்ற முறையில், ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் புதிய பிள்ளைகளின் பெயர்களைச் சேர்வு இடாப்பில் பதிவது என் கடமைகளுள் ஒன்றாகும். பிள்ளையின் பெயர், தகப்பனின் பெயர், தொழில், முகவரி என்று அதிலே பல நிரல்கள் உள்ளன. ஆனால், எங்கள் ஊரிலே ஒரு பிள்ளை யாருடைய பிள்ளை என்பதை அறிய முதியவர்கள் கேட்கும் முதற் கேள்விக்கு அந்த இடாப்பில் இடமில்லை. "மகன், உங்கட உம்மா என்ன குடி?" என்பதே அந்தக் கேள்வி.

வமிசாவளி என்றவுடன் நம்மில் பலர் அரசர் பரம்பரைகளையே நினைப்பர். இன்னாருக்கு இன்னார் மகன், அவருக்கு இன்னார் மகன் என்று ஏணிப்படி போலத் தந்தையர் பெயர்களை அடுக்குவதே வமிசாவளி என்று பாடநூல்களும் நம்மைப் பழக்கிவிட்டன. ஆனால், மட்டக்களப்புத் தேசத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. 1961 ஆம் ஆண்டு வரையில் இன்றைய அம்பாறை மாவட்டத்தையும் தன்னுள் அடக்கியிருந்த தேசம் அது. அங்கே தமிழரும் முஸ்லிம்களுமாகிய இரு சாராரும் பல நூற்றாண்டுகளாகத் தாய்வழியே தம் குடியைக் கணித்து வந்திருக்கின்றனர். அக் கணக்கு ஏன் எழுந்தது, அது நமக்கு எதனைக் கற்பிக்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

குடி என்பது யாது? ஒரு தாயின் வயிற்றில் பிறந்தோரும், அவளுடைய பெண்மக்களின் வயிற்றில் பிறந்தோரும், அப்பெண்மக்களின் பெண்மக்களுக்குப் பிறந்தோருமாக வழிவழி வருவோர் ஒரு குடியினர். ஆண்மகனும் தாயின் குடியைச் சேர்ந்தவனே. ஆனால், அவனுடைய பிள்ளைகள் அவன் குடியினர் அல்லர். அவன் மனைவியின் குடியினர். வரிசைநாச்சி குடி, பொன்னாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி, லெப்பை குடி, ஓடாவி குடி என்று எங்கள் கரையோர ஊர்களில் வழங்கும் பெயர்களைக் கேட்டாலே ஒன்று புலனாகும். சில பெயர்கள் ஒரு பெருமாட்டியை நினைவூட்டுகின்றன. சில பதவியை உணர்த்துகின்றன. சில தொழிலைக் குறிக்கின்றன.

இந்தக் கணக்கு வெறும் பெருமைக்காக ஏற்பட்டதன்று. ஒரே குடியில் பெண்ணெடுப்பதும் கொடுப்பதும் வழக்கமன்று. தாயின் சகோதரியுடைய பிள்ளை தன் குடியைச் சேர்ந்த பிள்ளை. ஆதலின் அப்பிள்ளை உடன்பிறப்பே. மாமன் மகளோ மாமியின் குடியைச் சேர்ந்தவள். ஆதலின் அவள் மச்சி, மணத்துக்கு உரியவள். பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிக்கு இடமிருந்தது. ஒவ்வொரு முக்கிய குடிக்கும் ஒரு மரைக்காயர் இருந்து, தம் குடியினரின் குறைநிறைகளைச் சபையிலே எடுத்துரைத்தார். கந்தூரிக் காலத்தில் இன்ன பொறுப்பு இன்ன குடிக்கு என்ற ஒழுங்கும் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக வீடு பெண்ணுக்கு உரியது. மகள் மணமுடிக்கும்போது வளவும் வீடும் அவள் பெயருக்கு எழுதப்படும்; மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வருவார்.

நான் சிறு பராயத்தில் இருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையிலே கல்யாணப் பேச்சுகள் நடைபெறும். வந்தவர்கள் காணியின் விபரத்தையும் வருமானத்தையும் பேசுவார்கள். என் மூத்தம்மா கதவின் பின்னே நின்று அனைத்தையும் செவிமடுப்பார். இறுதியில் ஒரே வாக்கியம் கூறுவார்: "அவட உம்மாவும் நம்மட குடிதான், இது சரிவராது." அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆயினும் ஐந்து தலைமுறைப் பெண்களின் பெயர்கள் அவர் நாவில் இருந்தன. அந்நாளில் அவரையே எங்கள் குடும்பத்தின் சுவடிச்சாலை என்று நான் கருதியிருக்க வேண்டும், கருதவில்லை.

இம் மரபு எங்ஙனம் எழுந்தது? ஒரே விடையைக் கூறி முடிக்கத்தக்க வினா அன்று இது. மட்டக்களப்புத் தேசத்தில் மேலோங்கியிருந்த முக்குவர் சமூகம் தாய்வழி உரிமையைப் பேணிய சமூகம். மலையாளக் கரையிலே மருமக்கட்டாயம் என்ற பெயரில் இதே முறை வேரூன்றியிருந்தது. அங்கே கண்ணனூரை ஆண்ட அரக்கல் என்னும் முஸ்லிம் அரச குடும்பமும் தாய்வழியையே பின்பற்றியது. ஆண் தலைவர் அலி ராஜா எனவும் பெண் தலைவி பீவி எனவும் அழைக்கப்பட்டனர். எங்கள் பிரதேசத்துச் செவிவழி மரபோ இன்னொன்றைக் கூறுகின்றது. முக்குவருக்கும் திமிலருக்கும் போர் மூண்டபோது முஸ்லிம் வீரர்கள் முக்குவருக்குத் துணை நின்றனர் என்றும், வெற்றிக்குப் பின் அவர்களுக்கு அம் மண்ணின் பெண்களே மனைவியராக அளிக்கப்பட்டனர் என்றும் அம் மரபு உரைக்கும். பின்னர், போர்த்துக்கேயர் 1626 ஆம் ஆண்டளவில் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்பிலே குடியேற்றினான் என்று குவேறோஸ் பாதிரியாரின் வரலாற்று நூல் கூறுகின்றது.

எதுவாயினும், ஒன்று மாத்திரம் தெளிவு. கடல் வழியாகவும் மலை வழியாகவும் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு வீடும் வயலும் உறவும் தந்தவர்கள் இம்மண்ணின் பெண்கள். வந்தவரின் பெயர் மறைந்தது. ஏற்றவளின் குடி நிலைத்தது.

இவ்வாறு வந்தேறிய வீரர் உள்ளூர்ப் பெண்களை மணந்து புதுக்குடி தோற்றுவித்த கதை உலகிலே பிறவிடங்களிலும் உண்டு. ஐரோப்பாவின் வடபுலத்திலிருந்து கப்பலேறி வந்த வீரர்கள் 911 ஆம் ஆண்டிலே பிரான்சிய மன்னனிடமிருந்து ஒரு கடற்கரை நாட்டைப் பெற்றனர். அதுவே நோர்மண்டி; அவர்களே நோர்மானியர். அந்நாட்டிலே ஓத்வில் என்னும் சிற்றூரில் தான்கிரேட் என்ற ஒரு சிறு நிலப்பிரபு வாழ்ந்தான். அவனுக்கு மனைவியர் இருவர். ஒருவர்பின் ஒருவராக மணந்தவர்கள். புதல்வர் பன்னிருவர். தந்தையின் நிலம் பன்னிருவருக்குப் போதாமையால் அவர்களுட் பலர் தென் இத்தாலிக்குச் சென்று வாளால் நாடு தேடினர். இளையவனாகிய ரோஜர், முஸ்லிம்களின் ஆட்சியிலிருந்த சிசிலித் தீவை 1091 ஆம் ஆண்டளவில் முற்றாகக் கைப்பற்றினான். அவன் மகன் இரண்டாம் ரோஜர் 1130 இல் அரசனாக முடிசூடினான்.

அந்த இரண்டாம் ரோஜரின் பலேர்மோ அரண்மனைக்கும் நமது இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவ்வரசவையில் அல் இத்ரீசி என்னும் முஸ்லிம் புவியியல் அறிஞர் இருந்தார். அவர் 1154 இல் எழுதி முடித்த பெருநூலிலே சரந்தீப் என்ற பெயரால் நமது தீவைப் பற்றியும் எழுதியுள்ளார். இந்நாட்டு மன்னனுக்குப் பதினாறு அமைச்சர் உண்டென்றும், அவர்களுள் நால்வர் மன்னனின் சமயத்தவர், நால்வர் கிறித்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அவர் இத்தீவுக்கு வந்து கண்டு எழுதியவரல்லர். கப்பலோட்டிகளிடமும் பழைய நூல்களிடமும் பெற்ற செய்தி அது. ஆயினும், பலேர்மோவில் இருந்த ஒருவரின் காதுக்கு நம் தீவு பல சமயத்தாரும் கூடிவாழும் நாடாகவே எட்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இனி அந்த நோர்மானியக் குடும்பத்தின் வமிசாவளியை நோக்குவோம். அவர்களுடைய வரலாற்றை எழுதிய துறவியர் பன்னிரு புதல்வரின் பெயர்களையும் பேணிவைத்தனர். புதல்வியரைப் பற்றி அத்துணைத் தெளிவில்லை. தந்தையர் வழியே எழுதப்பட்ட ஏணி அது. அவ்வேணி எத்தனை படி உயர்ந்தது? இரண்டாம் ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் 1189 இல் பிள்ளையின்றி இறந்தான். முறைப்படி வந்த ஆண்வழி அத்துடன் அற்றது. எஞ்சியிருந்த உரிமை ஒரு பெண்ணிடம் இருந்தது. இரண்டாம் ரோஜர் இறந்த பின், அதே 1154 ஆம் ஆண்டிற் பிறந்த அவன் மகள் கொன்ஸ்தான்சா அவள். செர்மானிய அரசகுமாரன் ஹென்றியை மணந்த அவள், 1194 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி, தன் நாற்பதாம் வயதில் ஓர் ஆண்மகவை ஈன்றாள். அம்மகவே பின்னாளில் இரண்டாம் பிரடெரிக் என்ற பேரரசனாகச் சிசிலியை ஆண்டது. நாற்பது வயதில் முதற் பிள்ளை பெற்றதை ஊரார் ஐயுறாதிருக்கும் பொருட்டு, அவள் சந்தை வெளியிலே கூடாரமடித்து ஊர்ப்பெண்கள் பார்க்கப் பிள்ளை பெற்றாள் என்று ஒரு கதையும் வழங்குகின்றது.

கதை மெய்யோ பொய்யோ, அதனுட் பொதிந்த உண்மை பெரிது. தந்தையர் பெயர்களாலேயே கட்டப்பட்ட அப்பெருங்குடி இறுதியில் ஒரு தாயின் சான்றையே நம்பி நிற்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலும் அவ்வாறே. 1066 இல் அந்நாட்டை வென்ற நோர்மானியன் வில்லியத்தின் ஆண்வழி இரு தலைமுறையில் முடிய, அவன் பேர்த்தி மாட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி 1154 இல் அரியணை ஏறினான்.

வமிசாவளி ஆராய்வோர்க்கு நோர்மானியர் மற்றொரு பாடமும் கற்பிக்கின்றனர். வில்லியத்தோடு கடல் கடந்து போரிட்ட வீரரின் சந்ததி தாமே என்று பிற்கால இங்கிலாந்திலே உரிமை கொண்டாடிய குடும்பங்கள் மிகப் பல. அவற்றின் மகிழ்ச்சிக்காகப் பெயர்ப்பட்டியல்கள் நீட்டி எழுதப்பட்டன. ஆனால் அப்போரில் நின்றார் என்று அக்காலச் சான்றுகொண்டு நிறுவத்தக்கவர்கள் ஓரிரு டசின் பேருக்கு மேற்படார். புகழுள்ள இடத்திலே வேர்தேடுவது மனித இயல்பு.

நாமும் இவ்வியல்புக்கு விலக்கானவர்கள் அல்லர். தம் மூதாதை அரபு நாட்டிலிருந்து வந்தவர் என்று கூறுவதில் எம்மவர் சிலருக்குப் பெருமிதம் உண்டு. வந்திருக்கலாம், மறுப்பார் யார்? ஆனால் அம்மூதாதைக்குச் சோறிட்ட கையும், அவர் பிள்ளைக்குத் தாலாட்டிய மொழியும் இந்நாட்டுக்கு உரியவை. எங்கள் குடி முறையைத்தான் அயலூர்த் தமிழரும் கொண்டிருக்கின்றனர். சில குடிப்பெயர்கள் இரு சாராரிடத்தும் கேட்கின்றன. நீண்ட போர்க்காலத்திலே இவ்விரு சமூகங்களும் ஒன்றையொன்று அஞ்சி வாழ்ந்தன. உயிரிழப்பும் இடப்பெயர்வும் இரு பக்கத்தும் நேர்ந்தன. தந்தையரின் ஏணியிலே ஏறிப் பார்ப்பவனுக்கு அயலவன் அந்நியனாகத் தோன்றலாம். தாயரின் வழியே இறங்கிப் பார்ப்பவனுக்கு அவன் உறவினனாகத் தோன்றவும் கூடும்.

மார்க்கத்துக்கு இது முரணன்றோ என்று வினவுவோரும் உளர். பிள்ளையைத் தந்தையின் பெயரால் அழைப்பதே நமது மார்க்கத்தின் விதி. அதனை நாம் மீறவில்லை. தந்தையின் பெயரும் தாயின் குடியும் எங்கள் ஊரில் அருகருகே வாழ்ந்தன. உறவைப் பேணுதல் என்பதற்கு அரபு மொழியில் வழங்கும் தொடரிலே, உறவைக் குறிக்கும் சொல்லுக்குக் கருவறை என்பதே பொருள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆயினும் இம்மரபு இன்று மெலிந்து வருகின்றது. முதுசச் சொத்தைத் தாய்வழியே இறக்கிய பழைய முக்குவர் சட்டம், 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வழக்கிழந்தது. அதே ஆண்டிலே கிறிஸ்தோபர் பிரிற்றோ அச்சட்டத்தைத் தொகுத்து நூலாக்கியிராவிடின், அதன் விபரம் பலவும் நமக்குக் கிட்டியிரா. 1956 இல் வந்த வக்பு சட்டத்தின் பின் பள்ளிவாசல் நம்பிக்கையாளரின் நியமனம் சபையொன்றின் கைக்கு மாறியது. குடி மரைக்காயரின் செல்வாக்கும் படிப்படியாகக் குன்றியது.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதியின் கடற்கோள் அடுத்த அடியைத் தந்தது. அம்பாறை மாவட்டத்திலே மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். கடலோரத்து வளவுகளோடு பெண்களின் உறுதிப் பத்திரங்களும் போயின. கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது குடும்பத் தலைவர் யார் என்று படிவம் கேட்டது. பல இடங்களில் கணவரின் பெயர் எழுதப்பட்டது. தாய் தன் மகளுக்குத் தந்த வீடு அழிந்தது. அதற்கு ஈடாக வந்த வீடு மருமகனுடையதாயிற்று. எழுதியவர்களுக்குத் தீய எண்ணம் இருந்தது என்று நான் கூறேன். அவர்களுடைய படிவத்திலே, என் சேர்வு இடாப்பைப் போலவே, அதற்கான நிரல் இருக்கவில்லை. அரச காணியில் குடியேறியோரின் பின்னுரிமையிலே மகளுக்கு முன் மகனை வைத்த 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், ஆண் பெண் வேறுபாடின்றித் திருத்தப்பட்டது 2022 இலேதான். ஆகவே வமிசாவளி என்பது பழங்கதை விரும்புவோரின் பொழுதுபோக்கன்று. ஒரு பெண்ணின் தலைக்கு மேலே கூரை இருக்குமா என்பதும் அதனுள் அடங்கும்.

சென்ற ஆண்டு என் மாணவரிடம் அவரவர் குடியைக் கேட்டு எழுதிவரும்படி கூறினேன். பலர் வெறுங்கையோடு வந்தனர். ஒரு மாணவி மாத்திரம் ஒரு கடதாசியிலே ஆறு பெண்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவந்தாள். கடைசியிலிருந்தது அவளுடைய பெயர். "இதை ஆர் சொல்லித் தந்தது, மகள்?" என்று கேட்டேன். "மூத்தம்மா சொன்னா, சேர். அவ சொல்லச் சொல்ல எங்கட உம்மாவும் இண்டைக்குத்தான் கேட்டாவாம்" என்றாள்.

நேயர்களே! நோர்மானியரின் கதையை எழுதிவைக்கத் துறவியர் இருந்தனர். அவர்கள் எழுதியதனால் ஆயிரம் ஆண்டின் பின்னும் நாம் அதனைப் படிக்கின்றோம். நம் தாயரின் பெயர்களை எழுதிவைக்க நம்மையன்றி வேறெவரும் இல்லை. உங்கள் இல்லத்திலே வயது முதிர்ந்த ஒரு பெண்மணி இருப்பாராயின், இன்றிரவு அவர் அருகில் அமருங்கள். அவருடைய தாயின் பெயர் என்ன, அத்தாயின் தாயின் பெயர் என்ன, அவர்கள் எந்த வளவில் வாழ்ந்தார்கள், என்ன குடி என்று கேட்டு, ஒரு கொப்பியிலே திகதியிட்டு எழுதிவையுங்கள். அவருக்கு நினைவில்லாததை நீங்களாக நிரப்ப வேண்டாம். வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். நாளை காலை வரை அதனை ஒத்திவைக்கவும் வேண்டாம்.