சகடும் ரோகிணியும்

வேலப்பன்சாவடியில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றால் "ரோகிணி, கோயம்பேடு" என்று கூவும் குரல் கேட்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத் திரையரங்கின் பெயர் அது. நூம்பலில் இருக்கும் எங்களுக்கு ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான். அதனால் விண்வெளியில் நடக்கும் காதல் கதை ஒன்றை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் அண்ணன் மகள், நாயகிக்கும் அவள் ஏறும் விண்கலத்துக்கும் பெயர் கேட்டபோது நான் "ரோகிணி" என்றதும், "அது தியேட்டர் பேரு சித்தப்பா" என்று தள்ளிவிட்டாள். பதினைந்து வயது. அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

பெயரின் வேர் நிறத்தில் இருக்கிறது. வடமொழியில் ரோஹித என்றால் சிவப்பு. ரோஹிணி சிவந்தவள், செம்பசு. இரத்தத்துக்கு நாம் சொல்லும் உதிரம், ருதிர என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான். பெயரிட்டவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் இட்டிருக்கிறார்கள். மார்கழி முன்னிரவில் கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்றுக் கீழே செம்மஞ்சளாக ஒன்று கனலும். சூரியனைவிடப் பல மடங்கு பருத்த செம்பெருமீன், சுமார் 65 ஒளியாண்டுத் தொலைவில். உலகம் அதை இன்று அல்டிபரான் என்கிறது. அது அரபுச் சொல். பின்தொடர்பவன் என்று பொருள். கார்த்திகை எழுந்த பிறகு அதன் பின்னாலேயே எழுவதால் வந்த பெயர். அரபியருக்கு ஆண், நமக்குப் பெண்.

ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. ஆகவே சங்க நூலில் அவள் உரோகிணியாக வருகிறாள். ஆனால் அவளுக்கு இன்னொரு பெயரும் வழங்கியது: சகடு. அதாவது வண்டி. நிகண்டுகள் பண்டி, வையம் என்றும் சொல்லும், அவையும் வண்டிகளே. அந்த மீனும் அருகிலுள்ள சிறு மீன்களும் சேர்ந்து கூம்பிய வண்டிச் சட்டம்போலத் தெரிவதுதான் காரணம். வடமொழியாரும் அங்கே சகடத்தைக் கண்டார்கள். உண்மையில் அந்தச் சிறு மீன்கள் சுமார் 150 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு தனிக் குடும்பம். அவற்றுக்கும் நமக்கும் நடுவழியில் ரோகிணி தனியாக நிற்கிறாள். வண்டி நம் கண் பூட்டியது.

இந்த வண்டியைத் திங்கள் வந்து சேரும் நாளே திருமணத்துக்கு உகந்த நாள். அகநானூற்றின் 136ஆம் பாட்டில் அப்படி ஒரு மணம் நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் மணந்ததும் மதி சகடை அணைந்த நாளில்தான். சந்திரன் இருபத்தேழு மனைவியரில் ரோகிணியிடமே தங்கிவிட்டான், மாமனார் தக்கன் சாபமிட்டான், அதனால்தான் தேய்கிறான் என்ற கதை எல்லோரும் கேட்டது.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்திவைப்பது நெடுநல்வாடைதான். போர்ப் பாசறையில் அரசன். அரண்மனைக் கட்டிலில் உறங்காத அரசி. மேற்கட்டியில் வானம் தீட்டப்பட்டிருக்கிறது, அதில் திங்களோடு பிரியாமல் நிற்கும் உரோகிணி. அதைப் பார்த்து அரசி பெருமூச்சு விடுகிறாள். மெய்யான வானத்தில் அந்தப் பேறு ரோகிணிக்கும் இல்லை. திங்கள் 27 நாளுக்கு ஒருமுறைதான் அவளருகே வருகிறது. ஓர் இரவு, மறுநாள் அடுத்த மீனுக்கு நகர்ந்துவிடும். பிரியாத ரோகிணி ஓவியனின் கையில் மட்டுமே இருந்தாள். அரசி பொறாமைப்பட்டது திரைச்சீலையைப் பார்த்து. எத்தனை முறை படித்தாலும் அந்த இடம் எனக்கு வலிக்கிறது.

பிறகு நெடுங்காலம் ரோகிணி பஞ்சாங்கத்திலும், கண்ணன் பிறந்த நாளிலும், பெண்களின் பெயரிலும் இருந்தாள். சகடு என்ற பெயர் வழக்கிலிருந்து உதிர்ந்துபோனது. 1967 நவம்பர் 20 அன்று தும்பாவிலிருந்து, 75 மில்லிமீட்டர் விட்டமே கொண்ட ஒரு சிறு ராக்கெட் மேலே போனது. அதற்கு ரோகிணி என்று பெயர். வண்டியாக இருந்து பெண்ணானவள் மறுபடி ஊர்தியானாள். 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 சுமந்துபோன 35 கிலோ செயற்கைக்கோளுக்கும் அதே பெயர்; அந்த ஏவூர்தித் திட்டத்தை நடத்தியவர் அப்துல் கலாம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் முதல் முயற்சி கடலில் விழுந்திருந்தது. 1981இல் போன அடுத்த ரோகிணி எதிர்பார்த்த உயரத்தை எட்டாமல் 9 நாளில் சுற்றுப்பாதையை விட்டது. 1983 ஏப்ரலில் இன்னொன்றை அனுப்பினார்கள், அதுவும் ரோகிணியே. பெயரை மாற்றவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் இரவு அண்ணன் மகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். தீபத்தன்று கார்த்திகையருகே இருந்த நிலா, அன்று ரோகிணியை ஒட்டி வந்திருந்தது. நிலவொளியில் சிறு மீன்கள் எல்லாம் மங்கிவிட்டன. சிவப்பு மட்டும் தெரிந்தது. நான் வண்டியின் வடிவத்தை விரலால் காற்றில் வரைந்து காட்டினேன்.

விண்கலத்துக்குச் சகடு என்று பெயர் வைத்துவிட்டாள். நாயகியின் பெயர் இன்னும் முடிவாகவில்லை.