கதிர்ப்பட்டை எலக்ட்ரான்கள் சக்தி பெறும் விதம்

பூமியின் காந்தக்கோளத்தில் சிறைப்பட்டுச் சுழலும் எலக்ட்ரான்களுள் சில, ஒளியின் வேகத்தை நெருங்கும் பிரசண்ட வேகத்தை எவ்வாறு அடைகின்றன என்னும் வினா, 1958ஆம் ஆண்டில் எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளின் கருவியைக் கொண்டு ஜேம்ஸ் வான் ஆலன் கதிர்ப்பட்டைகளைக் கண்டறிந்ததோடு எழுந்தது.

அப்பட்டைகளைக் கலக்குகின்ற காந்தப் புயல்களை அளக்கும் முயற்சியோ அதற்கு நூறாண்டுக்கும் மேல் முந்தியது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா ஆகிய ஊர்களோடு சிங்கப்பூரிலும் காந்த அளவீட்டுக்கு ஏற்பாடு செய்தபோது, சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்லஸ் எலியட் என்பார் 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் அப்பணியை நடத்தினார். தொங்கவிட்ட காந்தத்தின் அசைவைத் தொலைநோக்கியால் நோக்கிக் குறித்தெழுதுவதும், மாதந்தோறும் குறித்த ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரமும் 5 நிமிடத்துக்கொருமுறை அளவெடுப்பதும் அக்காலத்து முறை. உறக்கத்தைத் துறந்த அந்த எழுத்துவேலையை இன்றைய தானியங்கிக் கருவிகளோடு பழகிய நாம் எளிதாக எண்ணலாகாது. புயற்காலத்தில் பூமியைச் சூழும் மின்னோட்டத்தால் காந்தப்புலம் தாழ்வது, சிங்கப்பூர் அமைந்த பூமத்தியரேகைப் பிரதேசத்திலேதான் நன்கு புலப்படும்.

இனி, எலக்ட்ரான்கள் சக்தி பெறும் விதம்பற்றி இரு கொள்கைகள் எழுந்தன. சூரியக் காற்றின் தாக்குதலால் காந்தப்புலம் மெல்ல அசையும்போது, புறத்தேயுள்ள எலக்ட்ரான்கள் சிறிது சிறிதாக உள்ளே பரவி, வலிய காந்தப்புலத்தை அடைந்து, அதற்கேற்பச் சக்தி மிகப்பெறும் என்பது முதற்கொள்கை. விடியற்காலைப் பறவைகளின் ஆரவாரம்போல் வானொலிக் கருவியில் ஒலிக்கும் கோரஸ் அலைகள், எலக்ட்ரான்களின் சுழற்சியோடு இசைந்து, இருந்த இடத்திலேயே அவற்றுக்குச் சக்தியூட்டும் என்பது மற்றொன்று. முன்னதே உண்மையாயின் எலக்ட்ரான் அடர்த்தி, உரிய முறையில் கணக்கிடுங்கால், வெளிப்புறம் செல்லச்செல்ல மிகவேண்டும். பின்னதாயின் பட்டையின் நடுவே உச்சம் தோன்றவேண்டும். 2012 ஆகஸ்டு 30 அன்று ஏவப்பட்ட வான் ஆலன் இரட்டை ஆய்கலங்கள், அவ்வாண்டு அக்டோபர்ப் புயலின்போது அந்த உச்சத்தையே கண்டன. ஆயினும் முதற்கொள்கை பொய்த்துப்போயிற்று என்பது பிழை. அலைகள் ஆக்கியதைப் பரவல் இடம்பெயர்க்கின்றது, சில புயல்களில் அதுவே தலைமையும் ஏற்கின்றது.

இவ்வெலக்ட்ரான்கள் செயற்கைக்கோளின் சுவரை ஊடுருவி, மின்கடத்தாப் பொருள்களில் தேங்கி, திடீரெனப் பொறியாக வெடித்துச் சுற்றுகளைக் கெடுக்கவல்லவை. 2011 மே 20 அன்று ஏவப்பட்ட எஸ்டி-2 என்னும் சிங்கப்பூர்–தைவான் கூட்டுச் செயற்கைக்கோளுக்கு, கீழ்த்தீர்க்கம் 88 பாகையில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து நோக்குவார்க்கு மேற்கு வானில் சுமார் 71 பாகை ஏற்றத்தில் அமைந்த இடம், புறப்பட்டையின் வெளிப்பகுதிக்குள்ளேயே உள்ளது.