கையில் ஏறாத தப்பு

தெமோதரையில் ரயில் ஏறிப் பதுளைக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் புறப்பட்ட நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். 1990களின் நடுப்பகுதியில் சனிக்கிழமைதோறும் அந்த ரயிலில் நான் மிருதங்கம் படிக்கப் போனேன். உடுவரை, ஹாலிஎல தாண்டிப் பதுளையில் இறங்குமட்டும் தொடையில் பாடத்தைத் தட்டிக்கொண்டே போவேன். குருவுக்குக் கொடுக்கும் மாதப்பணம் அப்பாவின் இரண்டு நாள் பேர்.

என் குரு வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்பவர். 1931இல் தொடங்கிய அந்தச் சபை செய்த காரியம் சிறிதன்று. வாத்தியம் என்பது பெரும்பாலும் பரம்பரைச் சொத்தாக இருந்த காலத்தில், தரம் தரமாகப் பாடத்திட்டம் வகுத்துப் பரீட்சை வைத்தது. இசைப் பரம்பரை எதுவுமில்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரு தராதரப் பத்திரத்தைக் கையில் வாங்கலாம் என்றானது. தனியாகப் பணம் கொடுத்து இசை படிக்கும் வழக்கம் நம்மவரிடையே பரவியதில் அந்தப் பத்திரத்துக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

ஆனால் இசைக் கல்விக்கு முறை வகுப்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படிப்பித்த ஒவ்வொரு தமிழாசிரியருக்கும் இது தெரியும். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் மாதவி அரங்கேறுகிறாள். அவளுடைய திறமையைச் சொல்வதற்கு முன்பே, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ விரிவாகச் சொல்லிவிடுகிறார்.

இந்த வரிசையில் என் தாத்தாவை எங்கே வைப்பது?

அவர் தோட்டத்துத் தப்புக்காரர். விடியுமுன் பெரட்டுத் தப்பு அடித்து லயங்களை எழுப்பியவர். கோயில் திருவிழாவுக்கும், மாசியில் தொடங்கும் காமன் கூத்துக்கும், சாவு வீட்டுக்கும் அவர்தான். சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பாலையா தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தந்த நெடும்பாடலும் விடியற்காலத்து முழக்கத்தோடுதான் தொடங்குகிறது. அதை வகுப்பில் படிக்கும்போதெல்லாம் தாத்தாவின் மணிக்கட்டு என் கண்முன் வரும்.

தப்பு எளிய வாத்தியம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் தூக்கிப் பார்க்க வேண்டும். மரச் சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டியது. குளிரிலும் பனியிலும் தோல் தளர்ந்துவிடும், ஆகவே தீ மூட்டிக் காய்ச்சியே சுருதி ஏற்றவேண்டும். நமது மலைக் குளிரில் அது ஒருமுறை காய்ச்சி விடுகிற வேலையல்ல. இடக்கையில் நீண்ட மெல்லிய குச்சி, வலக்கையில் குட்டையான கனத்த குச்சி. இரண்டு கையும் இரண்டு வேலை செய்யும். காதோ பக்கத்தில் அடிப்பவனிடம் இருக்கவேண்டும். வாத்தியம் பயின்றால் கவனமும் ஞாபகமும் கூடும், கூடி இயங்கும் பழக்கம் வரும் என்று இன்று பெற்றோருக்குச் சொல்கிறோமே, அத்தனையும் லயத்து இஸ்தோப்பில் நடந்தது. பாடத்திட்டமும் தரமும் பத்திரமும்தான் அங்கில்லை.

இன்னொன்றும் இல்லை. மரியாதை. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தார். உரைகாரர்கள் மலைநிலத்துக்கென்றே தொண்டகப்பறையைச் சொன்னார்கள். புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் பெருமையோடு எண்ணும் நான்கு குடிகளில் பறையனும் ஒருவன். அந்தப் பெயர் பிற்காலத்தில் வசையானது. கப்பலேறி இந்த மலைக்கு வந்தபோது தோலோடு அந்த வசையும் சேர்ந்தே வந்தது. நான் மிருதங்கத்தில் கொஞ்சம் ஓங்கி அடித்த ஒருநாள், "இது தப்பு இல்லை" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பிழையைச் சொன்னார்களா, வாத்தியத்தைச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தாத்தா இறந்தபின் தப்பு அட்டாலிக்குப் போனது. பழக்கிவிடச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "ஒனக்கு இது வேணாம்டா. ஒருக்கா எடுத்துட்டா பெறகு ஒவ்வொரு சாவுக்கும் ஒம் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவானுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் நான் ஆசிரியனானேன். அதனால்தான் எனக்குத் தப்பு தெரியாது.

இன்று நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரியில், பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் மேசையைத் தட்டுவான். அதட்டப் போனவன் நின்று கேட்டேன். காமன் கூத்து அடி! அவனுடைய தாத்தா இன்னும் அடிக்கிறாராம். "ஒங்களுக்குத் தெரியுமா சேர்?" என்றான்.

சென்ற மாசியில் அவர்களுடைய லயத்துக்குப் போனேன். தோல் காய்ந்துகொண்டிருந்தது. வலக்கை பிடித்துக்கொண்டது. இடக்கைக் குச்சி மட்டும் நிற்கவேயில்லை, இரண்டுமுறை நழுவி விழுந்தது. பையன் எடுத்துக் கொடுத்தான். பெரியவர் எதிரே குந்தியிருந்து, அடியை வாயால் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டிக் காட்டினார்.

"கையப் பாக்காதீங்க வாத்தியாரே," என்றார். "என் வாயப் பாருங்க."