நடுகல்

போரில் பட்ட வீரனின் நினைவாக நட்டு வழிபடப்படும் கல் நடுகல். வீரக்கல், பட்டான் கல் என்றும் வழங்கும். பழந்தமிழகத்தில் போர் பெரும்பாலும் மாட்டு மந்தையைச் சுற்றியே தொடங்கியது. ஆநிரை கவரச் சென்று மாண்டவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் மாண்டவனுக்கும் உண்டு.

கல்லைத் தேடிக் காண்பது முதல் நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரையான முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுக்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என அதே வரிசையில் சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைகள் பெயர்பெற்றுள்ளன. போர்க்களமே காணாத காப்பியத் தலைவி கண்ணகிக்கு இப்படி வீரனுக்குரிய சடங்கு முழுதாகக் கிடைத்தது. கல்லுக்கு மயிற்பீலி சூட்டித் துடி முழக்கியதையும், கள்ளும் ஆட்டுப் பலியும் கொடுத்ததையும் அகநானூறு காட்டுகிறது.

சங்ககாலத்தைப் பொறுத்தவரை பாடல்களில் மட்டும் அறிந்திருந்த இவ்வழக்கத்துக்கு 2006-இல் நேரடிச் சான்று கிடைத்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்-பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றில் உருவம் இல்லை, எழுத்து மட்டுமே. ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவனுக்கு நட்டது. ஆநிரை கவர்தலுக்குத் தொல்காப்பியம் ஆளும் ‘ஆகோள்’ என்ற சொல்லே கல்லிலும் இருக்கிறது.

பல்லவர் காலத்தில் வில்லும் வாளும் ஏந்திய உருவத்தோடு வட்டெழுத்தும் சேர்ந்தது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் இவை மிகுதி. எவன் ஆட்சியில், எந்த ஊரில், எந்தத் ‘தொறு’ (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்பதைச் சில வரிகளில் சொல்லிவிடுவார்கள். அரசன் பெயர் அங்கே ஆண்டைக் குறிக்க மட்டுமே வருகிறது. கல் வீரனுக்கே உரியது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்தில் எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தியின் கல்லில் அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதைப் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். உடன் நின்ற உயிரையும் விட்டுவிடாத நேர்மை இது.

நினைவு கல்லோடு நின்றுவிடவில்லை. பட்டவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, நெத்தோர்பட்டி என்ற பெயர்களில் நிலம் விட்டுக்கொடுத்தனர். இரண்டும் இரத்தத்தைக் குறிக்கும் சொற்கள். மந்தையைத் தாக்கிய புலியோடு மோதி இறந்தவர்களுக்குப் புலிக்குத்திக் கற்களும் எழுந்தன.

காலப்போக்கில் எழுத்துத் தேய்ந்தது, அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் இல்லாமற்போனார்கள். ஆனால் படையல் நிற்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் பல இன்று வேடியப்பன் கோயில்களாக இருக்கின்றன. ஊரார் கல்லுக்கு எண்ணெய் பூசி, மாலை சாத்தி, பொங்கலிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்று பெயரும் வைக்கிறார்கள்.