எலும்பின் மேல் பாட்டு
இசைத்தட்டு என்றால் அரக்கு என்றே எண்ணியிருந்தேன். லெனின்கிராடில் எக்ஸ்ரே படத்திலும் செய்திருக்கிறார்கள்! யுத்தத்தில் கைப்பற்றிய ஜெர்மன் டெலிஃபங்கன் பதிவு யந்திரம் ஒன்று, 1946-ல் நெவ்ஸ்கி வீதிக் கடையொன்றில் இருந்தது. ருஸ்லான் பொகொஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் அதைப் பார்த்துப் பார்த்தே தாமும் ஒன்று செய்துவிட்டார். ஆஸ்பத்திரிகள் கழித்துப்போட்ட படங்களைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டுவார்கள். நடுத்துளைக்குச் சிகரெட் நெருப்பு. விலா எலும்புகள் சுழல, தடை செய்யப்பட்ட லெஷ்செங்கோவின் பாட்டு எழும். சில தடவை போட்டால் தேய்ந்துவிடும். எனக்கென்னவோ, அந்த எலும்புக்காரர் பிழைத்தாரா என்றுதான் மனம் ஓடுகிறது.

1950-ல் பொகொஸ்லோவ்ஸ்கியைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஸ்டாலின் மறைந்த 1953-ல் வெளியே வந்தவர், வேறென்ன செய்வார்? மறுபடியும் யந்திரத்தின் முன் உட்கார்ந்தார். மறுபடியும் சிறைக்குப் போனார்.