முப்பதை நெருங்கையில் வந்த ஒப்பந்தம்

மணிப்பூரின் பாலா தேவி 15 வயதில் இந்தியக் கால்பந்து அணிக்குள் வந்த ஸ்ட்ரைக்கர். களத்தில் கோல்களைக் குவித்தார். சோறு போட்டதோ காவல்துறை உத்தியோகம்.

1983-இலேயே ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பிடித்தது நம் பெண்கள் அணி. ஆனாலும் ஆண்களுக்கு 1996-இல் தொடங்கிய தேசிய லீக், பெண்களுக்கு 2017-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஆடிய பெண்களுக்கு ஆட்டத்தையே பிழைப்பாக்கிக்கொள்ள வழியில்லை.

2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் பாலாவை ஒப்பந்தம் செய்தது. அவருக்கு 30 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக முதல் கோலையும் போட்டார்.

வெளிநாட்டில் தொழில்முறைக் கால்பந்து ஆடிய முதல் இந்தியப் பெண் என்று கொண்டாடினோம். கொண்டாடலாம்தான். கூடவே, அந்த ‘முதல்’ ஏன் இத்தனை தாமதமாக வந்தது என்றும் கேட்போம்.